கண்ணாடித் தொட்டிக்குக் களவா ஏற்றதா?

மண்டபம், கீழக்கரைப் பகுதிகளில் கூடு வைத்து மீன் பிடிப்போருக்குக் களவாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பவளப் பாறையின் அடியிலும் பொந்துகளிலும் அசையாமல் கிடக்கும். இரை அருகில் வந்ததும் சட்டென்று வாயைத் திறக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். மெல்லுவது கிடையாது, முழுசாக விழுங்கும்.

வண்ண மீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொண்ட சிறு விவசாயிகளுக்குக் களவாக் குஞ்சின் மேல் ஆசை வருவது இயற்கையே. கடல் மீன் கடைகளில் விற்கும் ஒரு வகைக் குஞ்சு, வெள்ளை உடம்பில் கரும்பொட்டு வைத்தாற்போல் அத்தனை அழகாயிருக்கும். தலையைத் தாழ்த்தி ஆடி ஆடி நீந்தும். விரல் நீளமுள்ள இக்குஞ்சு 70 செ.மீ. வரை வளரக்கூடியது. விற்பவர் இதைச் சொல்வது அபூர்வம்.

அவ்வளவு பெரிய மீனுக்கு 1,000 லிட்டர் தொட்டியும் குறைவுதான். உடன் விட்ட மீன்களில் அதன் வாய்க்குள் அடங்குபவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இறாலும் நண்டும் முதலில் தீரும். இரை அதிகம் தின்பதால் கழிவும் அதிகம். வடிகட்டி சிறியதானால் அம்மோனியா ஏறி மீன் சாகும்.

மற்றொரு சங்கடம், இனப்பெருக்கம். களவா முதலில் பெண்ணாக இருந்து, வளர்ந்து பெரிதான பின்பே ஆணாக மாறும் இனம். கப்பி, மோலி போல வீட்டுத் தொட்டியில் குஞ்சு எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு குஞ்சையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பெருங்களவாவோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளது. அதைத் தொடவே கூடாது.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தனித் தொட்டியில் வைக்கவும். உப்பின் அளவு லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் இருக்கட்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மத்தி, இறால் துண்டுகளைத் தின்னப் பழக்கலாம். முதுகு முள் குத்தும், கையால் பிடிக்காதீர்கள். பெரிதாகிவிட்டதென்று கடலில் கொண்டுபோய் விடவும் கூடாது. தொட்டி நோய் கடல் மீனுக்குத் தொற்றும்.

கடல் மீன்தான் வேண்டுமென்போர், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனில் தொடங்கலாம். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதன் குஞ்சு உற்பத்தி முறையைக் கண்டறிந்துள்ளது. சிறிய தொட்டி போதும். ஜோடி சேர்ந்தால் தொட்டியிலேயே முட்டையிடும்.