சங்கத்துச் சுவர் விளம்பரம் எவ்வாறு அமைய வேண்டும்?

சங்கத்துக் காரியங்களை அங்கத்தினர் யாவருக்கும் தெரிவிப்பதற்குச் சுவர் விளம்பரம் சுலபமான சாதனம். ஆயினும் சரிவர அமையாத விளம்பரம், விளம்பரமே இல்லாமையைக் காட்டிலும் அதிக நஷ்டம் விளைவிக்கும். இதை நான் அனுபவத்தில் அறிந்தேன்.

தென்காசிக்கு அருகில் ஒரு கிராமத்துச் சங்கத்தில், பிசான அறுவடைக்குப் பின் கடன் தவணையைச் செலுத்துமாறு ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டது. வாசகத்தை எழுதியவன் நானே. உபவிதி, வட்டி விகிதம், அபராத வட்டிக் கணக்கு, சிக்கனத்தைப் பற்றிய புத்திமதி ஆகிய யாவும் அதில் இருந்தன. அழகுக்காக நடுவில் ஒரு பணமூட்டையும் வரையச் செய்தேன். கடைசித் தேதியோ அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. எழுத்தறியாத அங்கத்தினர் சிலர் பணமூட்டையைக் கண்டு, புதுக் கடன் வழங்குகிறார்கள் என்று எண்ணிச் சங்கத்துக்கு வந்தனர். அதற்குள் தவணை கடந்து நான்கு நாளாகியிருந்தது. தவறு என்னுடையது, அபராத வட்டி கட்டியவர்கள் அவர்கள்.

ஆகவே முதல் விதி யாதெனில், ஒரு விளம்பரத்துக்கு ஒரு செய்தியே போதும். குற்றாலத்துச் சித்திரசபையை அங்கத்தினர் பலர் தரிசித்திருப்பர். நடராஜப் பெருமான் அங்கே சித்திர வடிவமாகவே விளங்குகிறார். சுவர்களெங்கும் ஓவியங்கள் நிறைந்துள்ளன. அங்கே செல்வோர் நின்று நிதானமாகப் பார்க்கவே செல்கின்றனர். சந்தைக்குச் சுமை கொண்டு போகிறவருக்கு அந்த அவகாசம் இல்லை. அவர் நம் சுவரைக் கடப்பதற்குள் விஷயம் விளங்கிவிட வேண்டும்.

இரண்டாவது, படம் செய்தியையே சொல்ல வேண்டும். 1938ஆம் வருஷத்தில் ஹரிபுரா காங்கிரஸுக்காக, காந்தியடிகள் விரும்பியபடி, ஓவியர் நந்தலால் போஸ் தீட்டிய படங்கள் இதற்கு நல்ல உதாரணம். உழவர், குயவர், தச்சர், மேளம் கொட்டுவோர் முதலிய கிராம ஜனங்களைத் தடித்த கோடுகளாலும் சில வர்ணங்களாலும் அவர் தீட்டினார். பெரும்பாலும் ஒரு படத்தில் ஒரு தொழிலே காணப்படும். பார்த்தவுடன் இன்னார் என்று தெரியும். நம் தவணை விளம்பரத்துக்கும் பணமூட்டை வேண்டியதில்லை. சங்கத்துப் பெட்டியில் பணத்தைச் செலுத்தும் ஒரு கை போதும்.

மூன்றாவது, எழுத்தின் அளவு. பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது நல்ல கணக்கு. முப்பது அடிக்கு அப்பாலிருந்து படிக்க வேண்டுமானால் எழுத்து மூன்று அங்குலம் இருத்தல் வேண்டும். புள்ளியும் கொம்பும் அடுத்த வரியில் மோதாதபடி இடைவெளி விடுக. மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து நன்கு தெரியும். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து தெரியவே தெரியாது. “பங்குனி 20” எனத் தமிழ்த் தேதியையும் கிழமையையும் எல்லாவற்றிலும் பெரிதாக எழுதுக.

நான்காவது, ஒட்டும் இடம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றும் சாரலும் தென்காசி வட்டாரத்தார் நன்கு அறிந்தவையே. மேற்கு நோக்கிய திறந்த சுவரில் ஒட்டிய தாள் நிலைக்காது. தாழ்வாரத்தின் கீழ், கிழக்கு நோக்கிய சுவரே நலம். மாவுப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. துத்தம் விஷமாதலால் பசைச் சட்டியைக் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் ஒரு பரீட்சை செய்க. வாசகத்தை முன்பு பாராத ஒருவரை முப்பது அடிக்கு அப்பால் நிறுத்தி, “என்ன செய்ய வேண்டும்? எந்தத் தேதிக்குள்?” என்று வினவுக. எழுத்தறியாத ஒருவரிடம் படத்தை மட்டும் காட்டி, அது என்ன சொல்கிறது என்று கேட்க. இருவரும் தயங்காமல் விடை சொன்னால் ஒட்டலாம். தயங்கினால் புதிதாக எழுதுக. ஒரு தாள் வீணாவது, அங்கத்தினர் ஒருவர் அபராத வட்டி கட்டுவதைவிட மிகச் சொற்பமான நஷ்டமே.