பழைய பிக்கப் வண்டிகளுக்கு ஒற்றைக் கதவுக் கண்ணாடி அமைத்தல்

சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் மனிதரைப் போலவே வண்டிகளும் நெடுங்காலம் உழைக்கின்றன. இறக்குவானை, கஹவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சாய்வுகளிலே, 1950களிலும் 1960களிலும் கப்பலில் வந்திறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின், லான்ட் றோவர் முதலிய சிறு பாரவண்டிகளுள் சில இன்றும் ஓடக் காணலாம். வழக்கில் இவற்றைப் பிக்கப் என்கிறோம். இவை நிலைத்திருப்பதற்குக் காரணம் பழமைப் பற்று மாத்திரமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பின் தளர்ந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், அதன்மேல் ஏறிய வரி சாமானியனுக்கு எட்டுவதாயில்லை. ஆதலால் கையிலுள்ளதைப் பேணுவதே வழியாயிற்று.

பகலிற் கொழுந்துச் சாக்கும் உரமூட்டையும் சுமக்கின்ற அதே வண்டி, இரவில் லயத்திலிருந்து நோயாளியையோ பிள்ளைப்பேற்றுக்குரிய தாயையோ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் நேர்கின்றது. அவ்வேளையில் அவளருகே கையளவு தூரத்தில் இருப்பது கதவுக் கண்ணாடி. அஃது எத்தகையதாயிருத்தல் வேண்டும், எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அக்காலத்து வண்டிகள் பலவற்றில் முன்கதவின் கண்ணாடி இரு துண்டாயிருக்கும். பின்னே ஏறியிறங்கும் பெரிய கண்ணாடி. முன்மூலையிலே ஓர் அச்சிற் சுழன்று திறக்கும் முக்கோணக் கண்ணாடி. இரண்டிற்கும் நடுவே ஒரு நிலைச் சட்டம். இம் மூலைக் கண்ணாடியைப் பெருவழக்காக்கியது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம். 1933ஆம் ஆண்டு மாதிரிகளிலே அதனைப் புகுத்திற்று. சிறிதே திறந்தால் ஓடும் வண்டியின் உட்காற்றை அது வெளியே உறிஞ்சிவிடும். மழையும் அதிகம் புகாது. பின்னர் 1964இல் ஃபோர்ட் கோட்டினா வண்டியில், முன்பலகை வழியே காற்றைச் செலுத்திப் பின்புறத்தால் வெளியேற்றும் முறை வந்தபின், பிரித்தானிய வண்டிகளிலும் மூலைக் கண்ணாடி படிப்படியாக மறைந்தது.

இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அம்மழைக்கு முதலிற் பலியாவது மூலைக் கண்ணாடியின் இறப்பர். அது வெடித்ததும் நீர் சட்டத்தினுள் இறங்கி இரும்பைத் தின்னும். சுழலும் அச்சு இறுகும். ஈற்றில் சட்டமே உதிரும். மொறிஸ் மைனருக்கு வேண்டிய உறுப்புகள் சில இலங்கையிலேயே செய்யப்பட்டு, 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து சார்ல்ஸ் வெயர் என்பாரது நிலையத்திற்குச் சென்றதுண்டு. நமது கைத்தொழிலாளர் பெருமை கொள்ளத்தக்க செய்தி அது. ஆயினும் எல்லா வண்டிக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. சட்டம் கிடையாதவிடத்து, மூலைக் கண்ணாடியையும் நடுச்சட்டத்தையும் அறவே நீக்கி, முழு வாயிலுக்கும் ஒரே கண்ணாடி போடலாமா என்ற கேள்வி எழுகின்றது.

போடலாம். ஆனால் பழைய சட்டம் ஒட்டிப் பிழைக்கக்கூடியதாயின் அதனை விட்டுவிடுவதே நன்று என்பது என் கருத்து. குளிரூட்டி இல்லாத வண்டியில், அடைமழையிலே முன்கண்ணாடி ஆவி படிந்து மங்கும்போது, அம்மூலைக் கண்ணாடி செய்யும் உதவியை வேறொன்றும் செய்யாது. பார்வைக்கு அழகு என்பதற்காக மாத்திரம் அதனைக் களைவோர், கேகாலையிலிருந்து மாவனல்லை போவதற்குள் தம் செயலுக்கு வருந்துவர்.

இனிக் கண்ணாடியின் தன்மைக்கு வருவோம். யன்னலுக்கு இடும் சாதாரணக் கண்ணாடி மலிவானது. எந்தக் கடையிலும் வெட்டித் தருவார்கள். அன்று மாலையே பூட்டிவிடலாம். இவ்வசதியே அதன் ஆபத்து. உடையும்போது அது வாள்போன்ற நீண்ட கூறுகளாய்ப் பிளந்து, கழுத்தும் முகமும் இருக்கும் உயரத்தில் நிற்கும். வண்டிக் கதவுக்கு அது எவ்வாற்றானும் ஆகாது. எஞ்சுவன இரண்டு. ஒன்று, இரு தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாத்திக்குப் படலம் வைத்து ஒட்டிய லமினேற் கண்ணாடி. பிரெஞ்சு நாட்டு எதுவார் பெனடிக்டஸ், உட்புறத்தே பசை படிந்திருந்த குடுவையொன்று கீழே விழுந்தும் சிதறாதிருந்ததைக் கண்டு இதனை உருவாக்கினார் என்பர்; அவரது உரிமைப்பத்திரம் 1909ஆம் ஆண்டுக்குரியது. மற்றது, கடைக்காரர் 'டெம்பர்' என்று கூறும் பதமிட்ட கண்ணாடி. 600 பாகை சதமத்துக்கு மேற் காய்ச்சி, இருபுறமும் காற்றை வேகமாக ஊதிக் குளிர்விப்பதால், அதன் மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பின்னர்ச் சுருங்கி மேற்பரப்பை நெருக்கும். அந்நெருக்கமே அதன் வலிமை. அடி தாங்காது உடையும்போது, முழுத்தகடும் ஒரு கணத்தில் கற்கண்டுபோற் சிறு துண்டுகளாகிவிடும்.

இவ்விரண்டில் எது கதவுக்குத் தக்கது? லமினேற் கண்ணாடியை உள்ளூரிலேயே வெட்டலாம். அளவு பிசகினால் ஓரத்தைத் திருத்தவும் கூடும். ஆயினும் அது வெடித்தபின்னும் விரிப்புப்போல ஒட்டிக்கொண்டு நிற்கும்; முன்கண்ணாடிக்கு அதுவே வேண்டப்படுவது. கதவிலோ நிலைமை வேறு. களுகங்கை பெருகி இரத்தினபுரி நகரை மூழ்கடித்த 2003, 2017 மே மாதங்களை நாம் மறத்தலாகாது. நீருள் அகப்பட்ட வண்டியின் கதவை வெளிநீரின் அழுத்தம் திறக்கவிடாது. அப்போது உள்ளிருப்போர்க்கு வழி பக்கக் கண்ணாடியே. பதமிட்ட கண்ணாடியின் ஓரத்தருகே கூரிய சுத்தியலால் ஓரடி அடித்தாற் போதும். லமினேற் கண்ணாடியைக் கிழித்து வெளியேறுவது எளிதன்று. ஆகவே கதவுக்குப் பதமிட்ட கண்ணாடியே வேண்டும் என்பேன். 5 மில்லிமீற்றர்த் தடிப்புப் பெரும்பாலும் போதியது. எனினும் பழைய கண்ணாடியையும் தவாளிப்பையும் அளந்து அதற்கேற்பத் தெரிக.

அதன் குறை ஒன்றே. பதமிட்டபின் அதனை ஒரு மயிரிழையும் வெட்டவோ, தேய்க்கவோ, துளைக்கவோ முடியாது. தொட்டால் முழுவதும் நொறுங்கும். எனவே உருவம், துளை, ஓரம் யாவும் உலையுட் புகுமுன் முடிந்திருத்தல் வேண்டும். ஆதலால் இத்தொழிலின் உழைப்பெல்லாம் கண்ணாடியில் இல்லை. அதற்குமுன் செய்யும் மாதிரித் தகட்டில் இருக்கின்றது.

மாதிரிக்கு 3 மில்லிமீற்றர் ஹாட்போட் உகந்தது. முதலில் ஒரு நேர்கோலைப் பழைய கண்ணாடியின்மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்க்க. கோலுக்கடியில் ஒளி தெரிந்தால் கண்ணாடி வளைந்தது. அதற்கு அச்சு வேண்டும். நாட்டுப்புறக் கராஜில் ஆகாத காரியம், விட்டுவிடுக. தட்டையாயின் மேற்செல்லலாம். மூலைச் சட்டத்தையும் நடுச்சட்டத்தையும் கழற்றி, வாயிலைச் சுற்றிப் புதிய கம்பளித் தவாளிப்பைப் பதித்தபின்னரே அளவெடுக்க வேண்டும். பழைய தவாளிப்பில் எடுத்த அளவு புதியதற்குப் பொருந்தாது. தவாளிப்பின் அடிவரை அளந்து, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் குறைத்து வெட்டுக.

இனித்தான் பலர் தடுமாறும் இடம் வருகின்றது. கதவுவாயிலின் பின்விளிம்பு ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும். முன்விளிம்போ முன்கண்ணாடித் தூணோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கண்ணாடி நேர்கோட்டில் இறங்குவது. அதனை இருபுறமும் பிடித்து நடத்தும் தவாளிப்புகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாயிருந்தாலன்றி அது நகராது. முன்பு நடுச்சட்டம் பின்தவாளிப்புக்குச் சமாந்தரமாய் நின்று இப்பணியைச் செய்தது. அதனை நீக்கியபின், சாய்ந்த முன்விளிம்பை வழிகாட்டியாகக் கொள்ளலாமென எண்ணினால் கண்ணாடி இறங்கத் தொடங்கியதுமே அதனை விட்டு விலகி ஆடும். மலைப்பாதையின் குலுக்கலில் ஒரு வாரத்துக்குள் உடையும்.

இதற்குப் பரிகாரம் கதவின் உள்ளே உண்டு. தகரம் முடிந்து கண்ணாடி தோன்றும் இடைவிளிம்புக்குக் கீழே, கதவின் முன்பகுதியில், பின்தவாளிப்புக்குச் சமாந்தரமாக ஒரு குறுந்தவாளிப்பை இரும்புப் பட்டையால் நிறுத்துக. கண்ணாடியின் முன்கீழ்ப் பகுதியை, முழுதும் உயர்ந்த நிலையிலும் இடைவிளிம்புக்குக் கீழே ஒரு சாண் அளவு நீளுமாறு விட்டு, அதன் முன்னோரத்தை நிமிர்த்தி வெட்டினால், அந்த ஓரம் எப்பொழுதும் குறுந்தவாளிப்பினுள்ளேயே ஓடும். சாய்ந்த மேலோரம் உச்சிக்கு வரும்போது மாத்திரம் தூணிலுள்ள கம்பளியிற் போய் அமரும். கண்ணாடி இறங்குமிடத்தில் கதவுக் கீலின் ஆணிகளோ கதவுத் தடுப்புப் பட்டையோ குறுக்கிடாதிருக்கின்றனவா என்பதையும், அது முற்றாக இறங்குவதற்குக் கதவில் ஆழம் உண்டா என்பதையும் மாதிரியை விட்டே பார்த்தல் வேண்டும். இடமில்லையெனின் இந்த வண்டிக்கு இத்திட்டம் பொருந்தாது.

அடுத்தது பாரம். ஒரு சதுர மீற்றர்ப் பரப்பும் ஒரு மில்லிமீற்றர்த் தடிப்பும் உள்ள கண்ணாடி 2.5 கிலோகிராம் நிறையுடையது. முன்பு 0.24 சதுர மீற்றராயிருந்த 5 மில்லிமீற்றர்க் கண்ணாடி 3 கிலோகிராம் என்றால், 0.32 சதுர மீற்றரான புதியது 4 கிலோகிராம். கைபிடி சுழற்ற ஏற்றியிறக்கும் பொறியின் வில் பழைய நிறைக்கே அமைந்தது. சிறிது கனமாய்த் தோன்றும், அது தாங்கத்தக்கதே. தாங்கத்தகாதது வேறு: புதிய பரப்பு முழுவதும் முன்புறம் கூடியமையால், பாரத்தின் நடுவும் முன்னே நகர்ந்துவிட்டது. பொறியின் கை பழைய இடத்திலேயே தூக்கினால் கண்ணாடி முன்சரிந்து தவாளிப்பில் இறுகும். கல்லூரி ஆய்வுகூடத்தில் மட்டைத் துண்டொன்றை இரு துளைகளில் மாறிமாறித் தொங்கவிட்டு, தூக்குநூலால் புவியீர்ப்பு மையம் கண்டதை அன்பர்கள் மறந்திரார். பரீட்சைக்கு அப்பால் அதற்கு என்ன பயன் என்று அன்று நாம் நகைத்ததுமுண்டு! ஹாட்போட் மாதிரியை அவ்வாறே தொங்கவிட்டு மையத்தைக் குறித்து, கண்ணாடியின் அடிப்பீலியை அம்மையம் பொறியின் கைக்கு நேரே வருமாறு நகர்த்தி அமைக்க வேண்டும்.

மாதிரியைக் கதவிலிட்டு இருபது முப்பது முறை ஏற்றி இறக்குக. வண்டியை ஒரு கரடுமுரடான தோட்டப் பாதையில் ஓட்டியும் பார்க்க. எங்கே உராய்கின்றதோ அங்கே ஹாட்போட் பளபளக்கும். அவ்விடத்தைத் தேய்த்துத் திருத்தலாம். இடக்கதவின் மாதிரியைப் புரட்டி வலக்கதவுக்கு ஆக்குவதும் கூடாது. அறுபது ஆண்டு தட்டி நிமிர்த்திய கதவுகள் இரண்டும் ஒத்திரா. இரண்டு மாதிரி செய்து, 'இடம்', 'வலம்', 'வெளிப்புறம்' என எழுதி, இது கண்ணாடியின் முடிந்த அளவு, வாயிலின் அளவன்று என்பதையும் அதிலேயே குறித்து ஆலைக்கு அனுப்புக.

இசையும் ஆலையாயின் இன்னும் நல்ல வழியுண்டு. பதமிடாத கண்ணாடியை இங்கேயே வெட்டி, ஓரம் தேய்த்து, கதவிற் பொருத்திப் பார்த்தபின் அதனையே உலைக்கு அனுப்பலாம். ஓரம் தேய்ப்பதற்கு இரத்தினபுரியிற் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. நீலமும் கெம்பும் குருந்தக் கல்லின் இனம்; அவற்றையே பட்டை தீட்டுவோர்க்குக் கண்ணாடி ஒரு பொருட்டன்று. குருந்தம் என்னும் நமது சொல்லே ஆங்கிலத்தில் அக்கல்லின் பெயராய் வழங்குவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஓரத்தில் ஒரு சிறு வடு இருப்பினும் உலையிலோ பின்னர்க் கதவிலோ அவ்விடத்திலிருந்தே உடைவு தொடங்கும்.

பூட்டும்போது எவ்விடத்திலும் இரும்பு கண்ணாடியின் ஓரத்தைத் தொடலாகாது. அடிப்பீலியில் இறப்பர் நாடாவை மடித்திட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குக. இறுதியாகக் கதவின் அடியிலுள்ள நீர்ப்போக்குத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். தோட்டப் பாதையின் செம்மண் அவற்றை அடைத்திருக்கும். முதல் மழைக்குப்பின் உட்பலகையைக் கழற்றி, பீலியில் நீர் தேங்கியிருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்க.