பழைய நைட்ரோ பந்தய வண்டி வாங்கலாமா?

பல்லடத்திலிருந்து காங்கயம் செல்லும் சாலையில் உள்ள பொங்கலூர்ப் பக்கத்து மாணவர்களுக்குப் பழைய எந்திரம் வாங்குவது புதிய செய்தியன்று. விசைத்தறி, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின், கிணற்று மோட்டார், டிராக்டர் எல்லாமே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகின்றன. வாங்கப் போகிறவர் மேலே அடித்திருக்கும் பெயிண்டைப் பார்த்து மயங்குவதில்லை. அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்கிறார். மெக்கானிக் எந்திரத்தைக் கையால் சுற்றுகிறார், ஆட்டிப் பார்க்கிறார், ஓசையைக் கவனிக்கிறார். அதன் பிறகுதான் விலைப் பேச்சு.

அதே கண்ணோட்டத்தோடு ஒரு சிறிய எந்திரத்தைப் பார்ப்போம். அதுதான் ரேடியோ மூலம் இயக்கப்படும் நைட்ரோ பந்தய வண்டி. 'பக்கி' என்று இதை அழைப்பார்கள். அசல் வண்டியின் அளவில் எட்டில் ஒரு பங்கு. எடை மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். மேடு பள்ளமான மண் தரையில் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். பந்தய ஆர்வம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இப்போது பலர் பேட்டரியில் ஓடும் வண்டிகளுக்கு மாறிவிட்டார்கள். அதனால் பழைய நைட்ரோ வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. சேமித்து வைத்த பணத்தைக் கொடுத்து அப்படி ஒன்றை வாங்கலாமா? வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்? நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலே இதற்கு வழி சொல்லும்.

சிறிய இன்ஜின், பெரிய வேலை

இந்த இன்ஜினின் கொள்ளளவு ஏறக்குறைய 3.5 கன சென்டிமீட்டர்தான். உங்கள் கட்டைவிரல் உள்ளே நுழையாத சிலிண்டர்! அதன் விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் நிமிடத்திற்கு 30,000 சுற்று என்பது இதற்குச் சாதாரணம்.

ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்திற்கு 30,000 என்றால் வினாடிக்கு 500 சுற்று. இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிபொருள் எரிகிறது. அதாவது நீங்கள் 'ஒன்று' என்று எண்ணி முடிப்பதற்குள் 500 முறை எரிந்துவிடுகிறது. பிஸ்டனோ ஒரு வினாடியில் ஆயிரம் முறை நின்று திரும்புகிறது. வட்ட இயக்கச் சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டால், பிஸ்டனின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 8,000 மடங்கு என்று வரும். பிஸ்டனின் நிறை ஐந்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பி இழுக்கக் கனெக்டிங் ராடு 40 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும்! இவ்வளவு பாடுபடும் எந்திரம் தேய்வதில் வியப்பில்லை அல்லவா?

தீப்பொறி இல்லாமல் எரிவது எப்படி?

மோட்டார் சைக்கிளில் ஸ்பார்க் பிளக் உண்டு. இதில் தீப்பொறியே இல்லை. அதற்குப் பதிலாக 'குளோ பிளக்' என்னும் சிறு செருகி இருக்கிறது. அதனுள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். தொடங்கும்போது மட்டும் ஏறக்குறைய 1.5 வோல்ட் மின்கலத்தால் சுருளைச் செந்நிறமாகச் சூடாக்குகிறோம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். சுருள் தொடர்ந்து தணல்போல் ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

காரணம் என்ன? எரியும் வாயுக் கலவையில் பிளாட்டினம் கம்பி சுடர் இல்லாமலே தணலாக ஒளிர்வதை 1817-ல் ஹம்ப்ரி டேவி கண்டார். பிளாட்டினம் ஒரு வினையூக்கி. தான் செலவாகாமல் மெத்தனால் ஆவிக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே வினையைத் தூண்டுகிறது. அந்த வெப்பமும், காற்று அமுக்கப்படும்போது பிறக்கும் வெப்பமும் சேர்ந்து சுருளைச் சூடாகவே வைத்திருக்கின்றன. ஆகவே அமுக்கம் குறைந்தால் தணலும் தணியும்; இன்ஜின் நின்றுவிடும். இந்த இன்ஜினில் அமுக்கமே உயிர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'நைட்ரோ' என்ற பெயர் ஏன்?

எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். அதனுடன் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்திருக்கும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கோ 1.7 கிலோ காற்றே போதும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தன் மூலக்கூறிலேயே அது சுமந்து வருவதுதான் காரணம்.

நைட்ரோமீத்தேனின் எரிவெப்பம் கிலோவுக்குச் சுமார் 11 மெகாஜூல், பெட்ரோலுக்கு 44. 'அப்படியானால் பெட்ரோல்தானே சிறந்தது?' என்று கேட்பீர்கள். பொறுங்கள்! சிலிண்டருக்குள் ஒரு தடவையில் புகும் காற்றுக்கு எல்லை உண்டு. எனவே ஒரு கிலோ காற்றுக்கு எவ்வளவு ஆற்றல் என்றுதான் கேட்க வேண்டும். பெட்ரோலுக்கு 3 மெகாஜூல்; நைட்ரோமீத்தேனுக்கு 6.6 மெகாஜூல். இரு மடங்குக்கும் மேல்!

எண்ணெயைப் பொறுத்தவரை, நம் ஊர் விளக்கெண்ணெய்க்கு இங்கே நெடுநாளாக மதிப்பு உண்டு. ஆமணக்கிலிருந்து எடுக்கும் இந்த எண்ணெய் மெத்தனாலில் நன்கு கலக்கும். கடும் வெப்பத்திலும் வழுக்குப் படலத்தை விடாது. தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லாத இந்த இன்ஜினுக்கு எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் ஒரே உயவு. காற்று மிகுந்து எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். இன்ஜின் சூடேறித் தேயும்.

கூம்பு வடிவச் சிலிண்டரின் மர்மம்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். மோட்டார் சைக்கிள் பிஸ்டனில் வளையங்கள் உண்டு. இந்தச் சிறு பிஸ்டனில் வளையமே கிடையாது. பின் வாயு கசியாமல் தடுப்பது எது?

பிஸ்டன் அலுமினியக் கலவை. அது ஓடும் ஸ்லீவ் எனப்படும் குழாய் பித்தளை. உட்புறம் குரோமியப் பூச்சு. இந்தக் குழாய் மேலே சற்றுக் குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கூம்பு அது. இன்ஜின் ஓடும்போது எரிதல் நடக்கும் மேற்பகுதி அதிகம் சூடாகி அதிகம் விரிகிறது. கீழ்ப்பகுதி குறைவாக விரிகிறது. ஆகவே சூட்டில் கூம்பு ஏறக்குறைய நேர்க்குழாயாக மாறி, பிஸ்டனுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

எவ்வளவு விரியும்? பித்தளையின் நீள்விரிவு எண் டிகிரிக்குச் சுமார் 0.000019. விட்டம் 16 மில்லிமீட்டர், வெப்பநிலை உயர்வு 100 டிகிரி எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 0.03 மில்லிமீட்டர். தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லை. இந்தச் சிறு அளவில்தான் இன்ஜினின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்க, வெளி டம்ளரை வெந்நீரில் வைப்பார்கள் அல்லவா? அதே தத்துவம்தான்.

கையே அளவுகோல்

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. நல்ல இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு வருகையில் குறுகிய பகுதியில் இறுகிப் பிடிக்க வேண்டும். தேய்ந்த இன்ஜினில் அந்தப் பிடிப்பு இராது.

முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். சூட்டில் நல்ல இன்ஜினும் இலகுவாகத்தான் சுற்றும், தேய்ந்ததும் அப்படியே. 'உங்களுக்காக ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறேன்' என்று விற்பவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் காத்திருப்பதே நல்லது.

ஆறிய பின் குளோ பிளக்கைக் கழற்றுங்கள். இப்போது காற்றின் அமுக்கம் இல்லை. உலோகப் பிடிப்பு மட்டுமே தெரியும். ஃபிளைவீலை விரலால் மெல்லச் சுற்றுங்கள். உச்சிக்கு அருகே தடை தெரிந்தால் நல்ல அறிகுறி. தடங்கலே இல்லாமல் வழுக்கிச் சென்றால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன. பிளக்கைத் திரும்ப மாட்டிய பின் அமுக்கத்தையும் உணருங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சிலிண்டரில் சில துளி கெட்டி எண்ணெய் விட்டாலே தேய்ந்த இன்ஜினும் நல்ல அமுக்கம் காட்டும்.

இதற்கு அடுத்தது சூட்டுச் சோதனை. இன்ஜினைக் கிளப்பிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள். உடனே மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். தேய்ந்த இன்ஜின் குளிரில் கிளம்பும். சூட்டில் எண்ணெய் இளகியதும் வாயு கசிந்து, கிளம்ப மறுக்கும். குளிரில் பிடிப்பும் சூட்டில் உடனே கிளம்புவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் தேர்ச்சி.

மற்ற உறுப்புகள்

பிஸ்டன் உச்சிக்குச் சற்று முன்பு இருக்கும்போது ஃபிளைவீலை இப்புறமும் அப்புறமும் மிகச் சிறிதாக அசையுங்கள். பிஸ்டன் நகராமல் வெற்று ஆட்டம் அதிகம் இருந்தால் கனெக்டிங் ராடின் துளை தேய்ந்திருக்கலாம். 40 கிலோ விசையைத் தாங்கும் உறுப்பு அது. ஓட்டத்தில் முறிந்தால் இன்ஜின் முழுவதும் பாழ்.

சுற்றும்போது மணல் அரைபடுவது போல் 'கரகர'வென்று உணர்ந்தால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். நைட்ரோமீத்தேன் எரிந்த கழிவில் அமிலத்தன்மை உண்டு. ஓட்டிய பின் எண்ணெய் விடாமல் மாதக்கணக்கில் பெட்டியில் வைத்த வண்டிக்கு இந்த நோய் வரும்.

காற்று வடிகட்டியையும் பாருங்கள். நம் செம்மண் புழுதியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. மோ கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. அலுமினியம் 3-க்கும் குறைவு. வடிகட்டியின் பஞ்சு கிழிந்திருந்தால் பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம்.

எரிபொருள் டாங்க் 125 கன சென்டிமீட்டர். ஒரு லிட்டர் என்பது எட்டு டாங்க். இந்த வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மானி இல்லை. ஆகவே 'எத்தனை லிட்டர் எரித்தது?' என்று கேளுங்கள். பொறுப்பாக வைத்திருந்தவர் உடனே பதில் சொல்வார்.

ரேடியோ அறுந்தால்?

மூன்றரைக் கிலோ வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 700 ஜூல். அதே வண்டி 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பு. இது விளையாட்டுப் பொம்மை அன்று என்பது இப்போது புரிகிறதா?

ஆகவே இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே இதைச் சோதியுங்கள். ரேடியோவை இயக்கி, வேக விசையை அழுத்தியபடியே கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடுங்கள். வண்டியிலுள்ள சர்வோ தானாகவே பிரேக் நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாத வண்டியை, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஓட்டக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே மெத்தனால்தான் இந்த எரிபொருளின் பெரும்பகுதி. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. சிறிதளவே பார்வையைப் பறித்துவிடும். தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். அது எரியும் சுடரோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் தேவை. எனவே வண்டியைப் பார்க்கப் போகுமுன்பே, எரிபொருளை முறைப்படி எங்கே பெறலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் விசாரிக்கட்டும். வழியில்லை என்றால் வண்டி வேண்டாம். பேட்டரி வண்டியே போதும். நீங்களே எரிபொருள் கலக்க ஒருபோதும் முயலாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழாய் வைத்து வாயால் உறிஞ்சாதீர்கள். பெரியவர் உடனில்லாமல் ஓட்டாதீர்கள்.

எரிபொருளுக்கு வழி உண்டு, ரேடியோ சோதனையும் தேறியது என்றால், பிறகு விலைக்கு வாருங்கள். பிடிப்பு இல்லையா? பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராடு மூன்றும் புதிதாக என்ன விலை என்று கேட்டு, அதைச் சொன்ன விலையிலிருந்து கழியுங்கள். பேரிங் அரைபடுகிறதா? அதையும் கழியுங்கள். மீதிதான் அந்த வண்டியின் உண்மையான மதிப்பு. இந்தக் கழித்தலுக்கு வேண்டியவை இரண்டே: ஆறிய இன்ஜின் ஒன்று, அவசரப்படாத விரல்கள்.