டிரிகருக்குள்ள அரை மில்லிமீட்டர்

போன எபிசோட்ல கதவுப் பூட்டைப் பிரிச்சுப் பார்த்தோம். இன்னிக்குப் பிரிக்கப் போறது கொஞ்சம் ஆபத்தான சமாசாரம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போறவங்க பலர், 400 டாலருக்குள்ள ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கிட்டு, மேல 100 டாலருக்கும் கூடுதலா கொடுத்து அதோட டிரிகரை மட்டும் மாத்துறாங்க. சாவேஜ் ஆக்சிஸ் மாதிரி விலை குறைஞ்ச மாடலுக்குன்னே டிரிகர் செஞ்சு விக்கிற டிம்னி போன்ற கம்பெனிகள் இருக்கு. துப்பாக்கி விலையில் கால் பங்கை ஏன் ஒரு சின்ன நெம்புகோலுக்குக் கொடுக்கணும்?

எலிப்பொறியை நினைச்சுக்கோங்க. பலமான ஸ்பிரிங் ஒண்ணை இழுத்துப் பிடிச்சு, ஒரு மெல்லிய கம்பியோட நுனியில் மாட்டி வைக்கிறோம். எலி தொட்டதும் நுனி நழுவுது, அவ்வளவுதான். ரைஃபிள்லயும் கதை இதே. போல்ட்டைத் தூக்கி இழுத்துத் திரும்ப மூடினா, உள்ளே இருக்கும் ஃபயரிங் பின் ஸ்பிரிங் இறுகி நிக்கும். அதைத் தடுத்து நிறுத்துற இரும்புத் துண்டுக்கு சியர்னு பேரு. அந்த சியர் விழாமல் கீழே தாங்கி நிக்கிறது டிரிகரோட விளிம்பு. ரெண்டு விளிம்பும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும் அகலம் பல ரைஃபிள்களில் அரை மில்லிமீட்டர் சுமார்தான்! நாம டிரிகரை இழுக்குறோம்னு சொல்றது, உண்மையில் அந்த விளிம்பைச் சியருக்கு அடியிலிருந்து உருவுறது.

இப்போ விலை குறைஞ்ச துப்பாக்கியோட பிரச்சினைக்கு வருவோம். பாகங்களை மலிவா செய்யும்போது ஒவ்வொண்ணும் துளித்துளி வித்தியாசமா வரும். அதனால எந்தத் துப்பாக்கியும் தானா வெடிச்சுடக் கூடாதுன்னு, கம்பெனி விளிம்புகளை அதிகமா ஏத்தி வைக்குது, ஸ்பிரிங்கையும் கெட்டியா போடுது. டிரிகரை இழுக்கவே 3 கிலோ வரைக்கும் அழுத்தம் தேவைப்படலாம். துப்பாக்கியோட எடையே சுமார் 3 கிலோதான்! இழுக்கும்போது கரகரன்னு உரசிக்கிட்டு வரும், எப்போ விடும்னே தெரியாது.

கணக்கு போட்டுப் பாருங்க. தோளுக்கும் குழல் முனைக்கும் நடுவே ஏறக்குறைய 1 மீட்டர். விரல் முக்கி இழுக்கிறதில் முனை 1 மில்லிமீட்டர் நகர்ந்தா, 100 மீட்டர் தள்ளி நிற்கிற மானில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப் படும். மானோட இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அதுக்கு வெளியே பட்டா மான் உடனே சாகாது; காயத்தோட காட்டுக்குள்ள ஓடி, மணிக்கணக்கா துடிச்சுச் சாகும். சுமார் 1.4 கிலோவில் ‘டக்’னு விடுற டிரிகருக்கு வேட்டைக்காரர்கள் ஆசைப்படுறது ஆடம்பரத்துக்காக மட்டும் இல்லைங்க.

மாத்துறது பார்க்க சுலபம். தோட்டா இல்லைன்னு கண்ணாலயும் விரலாலயும் சோதிச்சு, போல்ட்டை வெளியே எடுக்கணும். ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டினா கட்டை தனியா வந்துடும். டிரிகர் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பின்னில்தான் நிக்கும், தட்டி எடுக்கலாம். எடுக்கும்போது சின்ன ஸ்பிரிங் பறந்து சோஃபாவுக்கு அடியில் போகும், அதனால பெரிய பிளாஸ்டிக் பைக்குள்ள கையை விட்டு வேலை செய்றவங்களும் உண்டு. புது டிரிகரில் குட்டி ஸ்க்ரூக்கள் இருக்கும். ஒண்ணு அழுத்தத்தைக் குறைக்கும். சிலதில் இன்னொண்ணு, அந்த அரை மில்லிமீட்டரையே குறைக்கும்.

இந்த ரெண்டாவது ஸ்க்ரூதான் விவகாரம். கம்பெனி கூடுதலா விட்டு வச்ச பாதுகாப்பை, இப்போ ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்கிறவர் தன் கையால எடுக்குறார். அனுபவம் இல்லாதவங்க அதைத் தொடவே கூடாதுன்னுதான் நான் சொல்வேன். அழுத்தத்தை மட்டும் குறைச்சாலே பாதி நிம்மதி.

ஏன் இவ்வளவு பயமுறுத்துறேன்? ரெமிங்டன் 700 கதைக்காக. 1962-ல் வந்து பிரபலமான துப்பாக்கி. டிரிகரை வடிவமைச்சவர் மைக் வாக்கர். டிரிகருக்கும் சியருக்கும் நடுவே கனெக்டர்னு ஒரு மெல்லிய துண்டு. அது டிரிகரோட இறுக்கிப் பொருத்தப்படாம, ஸ்பிரிங் தள்ளுறதால் சாய்ஞ்சு நிக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் விலகித் திரும்பி வரும். அந்த இடைவெளியில் அழுக்கு உட்கார்ந்தா அது முழுசா திரும்பாது, சியருக்குத் தாங்கல் போயிடும்னு வழக்கு போட்டவங்க வாதாடினாங்க. 2000-ல் மொன்டானாவில் ஒரு அம்மா, வேட்டை முடிஞ்சு தோட்டாவை எடுக்கறதுக்காகச் சேஃப்டியை விலக்கினார். துப்பாக்கி வெடிச்சது. குதிரை ஏத்துற டிரெய்லருக்கு அந்தப் பக்கம் நின்ன அவரோட 9 வயசு மகன் இறந்துட்டான். டிரிகரைத் தொடவே இல்லைன்னார் அந்த அம்மா.

கம்பெனி குறை எதுவும் இல்லைன்னே சொல்லி வந்தது. 2017-ல் நீதிமன்றம் ஏத்துக்கிட்ட சமரசப்படி, தவறை ஒப்புக்கொள்ளாமலே, லட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கு இலவசமா டிரிகர் மாத்தித் தர சம்மதிச்சது. நடுவில் இன்னொரு கூத்து. பழசுக்குப் பதிலா 2006 முதல் கொண்டு வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகரையும் 2014-ல் திரும்பப் பெற வேண்டி வந்தது. காரணம், பாகங்களைச் சேர்க்கும்போது அளவுக்கு மிஞ்சிப் பூசின பசை! ஸ்க்ரூ தளராம இருக்க வீட்டில் தாராளமா பசை ஊத்துறவங்க இதை மனசுல வச்சுக்கணும். எண்ணெயும் அப்படித்தான், பனிக்காலத்தில் கெட்டியாகி, சியர் தன் இடத்துக்குத் திரும்பி வரத் தாமதமாகும்.

சாவேஜ் வேற வழியில் யோசிச்சது. அதோட அக்யூ டிரிகரில் நடுவே ஒரு மெல்லிய பட்டை தனியா நீட்டிக்கிட்டு இருக்கும். விரல் அந்தப் பட்டையை அழுத்தாம சியர் எப்படியோ நழுவினாலும், பட்டை அதைப் பிடிச்சுக்கும். அழுத்தத்தைக் குறைச்சாலும் காவல் போகல, பாருங்க! ஆக்சிஸ் 2-ல் இது கடையிலேயே வருது. இன்னும் வாங்காதவங்க, சாதா ஆக்சிஸ் விலையோட புது டிரிகர் விலையைக் கூட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

மாத்தி முடிச்சவங்களுக்கு மூணு சோதனை, எல்லாமே தோட்டா இல்லாம, குழலை ஆளில்லாத பக்கம் காட்டி. போல்ட்டை வேகமா அடிச்சு மூடணும், பத்து இருபது தடவை. சேஃப்டியைப் போட்டு டிரிகரை நல்லா அழுத்தி விடணும். விரலை எடுத்துட்டு, அப்புறம் சேஃப்டியை விலக்கணும். கடைசியா, அடிக்கட்டையின் ரப்பரைத் தரையில் ஓங்கித் தட்டணும். இதில் எங்கேயாவது ஒரே ஒரு தடவை உள்ளே ‘க்ளிக்’னு கேட்டாலும், டிரிகரைக் கழட்டிப் பையில் போட்டு, துப்பாக்கி பழுது பார்க்கும் மெக்கானிக்கிட்ட கொண்டு போயிடணும்.