மழைக்கும் கணக்கு உண்டு!

"நேற்று ராத்திரி நல்ல மழை" என்கிறார் அப்பா. "இதெல்லாம் ஒரு மழையா?" என்கிறார் தாத்தா. யார் சொல்வது சரி?

கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி பிறந்தால் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான். வழக்கைத் தீர்த்து வைக்க நாலாம் வகுப்புப் படிக்கும் பேரனால் முடியும்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் "தகவல் செயலாக்கம்" என்று ஒரு பாடம் உண்டு. பெயர்தான் மிரட்டும்! விவரம் திரட்டுவது, அட்டவணை போடுவது, படம் வரைவது, படத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது - இவ்வளவுதான் அது. எந்தப் பழம் பிடிக்கும் என்று வகுப்பில் கேட்டு, ஆளுக்கு ஒரு கோடு போடுவார்கள். நாலு கோட்டின் மேல் ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு. எண்ணுவது எளிது.

பழக்கணக்கு நல்லதுதான். ஆனால் கடலூர்ப் பிள்ளைகளுக்கு மழைக்கணக்கு இன்னும் பொருத்தம்.

குடம் உதவாது

மழையை அளக்கக் குடம் கூடாது. அதன் வயிறு பெரிது, வாய் சிறிது. அடியும் வாயும் ஒரே அகலமான தகர டப்பா வேண்டும். அதை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைக்க வேண்டும். மறுநாள் காலை அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தால், எத்தனை சென்டிமீட்டர் நனைந்திருக்கிறதோ அத்தனை சென்டிமீட்டர் மழை. டப்பா பெரியதானாலும் சிறியதானாலும் உயரம் ஒன்றுதான்!

வானிலைத் துறையினர் தினமும் காலை 8-30 மணிக்கு அளக்கிறார்கள். பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். கடலூரில் காலையிலும் சிதம்பரத்தில் மாலையிலும் அளந்துவிட்டு, "எங்கே அதிக மழை?" என்று கேட்டால் பதில் தப்பாகிவிடும். மழை இல்லாத நாளையும் விடக்கூடாது. அன்றைக்குப் பூஜ்யம் எழுத வேண்டும்.

சராசரி மறைத்தது

கட்டம் போட்ட தாளில் நாளுக்கு ஒரு பட்டை. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம்.

ஓர் ஊரில் 30 நாளில் 60 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி நாளுக்கு 2 சென்டிமீட்டர். கேட்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் 2015 நவம்பர் இரண்டாவது வாரத்தில் நெய்வேலியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டம் வெள்ளக்காடானது. அப்படி ஒரு நாள் வந்தால் பட்டை தாளை விட்டே வெளியே போகும்! சராசரியில் அது தெரியாது. படத்தில்தான் தெரியும்.

வீராணத்தின் புதிர்

சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி. 2004 முதல் சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி இது. அதன் நீர்மட்டம் பத்திரிகைகளில் வரும். அந்த எண்ணை மழைப் பட்டைகளுக்கு மேலே புள்ளி வைத்துக் கோடாக இழுக்கலாம்.

சில வாரங்களில் மழைப் பட்டையே இருக்காது. ஏரிக் கோடு மட்டும் மேலே ஏறும். மழை இல்லாமல் தண்ணீர் எப்படி வந்தது? பிள்ளைகள் வீட்டில் கேட்கட்டும். விவசாயக் குடும்பமானால் உடனே பதில் கிடைக்கும்: எங்கேயோ மேற்கே பெய்த மழை, காவிரியாகிக் கொள்ளிடமாகி, கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.