ஒலிவாங்கியைப் பேணுதல்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. மெருகேற்றிய வெள்ளியைத் திறந்து வைத்தால், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் அது கருத்துவிடும். ஆகவே பயன்படுத்தாத காலத்தில்தான் பொருளுக்குப் பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது. இவ்வுண்மை ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும் பொருந்தும்.

ஒலிப்பதிவும் சேலத்திற்குப் புதிதன்று. டி. ஆர். சுந்தரம் 1935இல் இந்நகரில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கிய அப்படப்பிடிப்பு நிலையத்தின் நினைவாக, இன்று ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டுமே நிற்கிறது. அன்று பெருநிறுவனங்களுக்கே உரியதாயிருந்த ஒலிப்பதிவு, இன்று வீட்டின் ஓர் அறைக்குள் வந்துவிட்டது. கருவிகளைக் காக்கும் பொறுப்பும் உடன் வந்துள்ளது.

வீடுகளில் பெரும்பாலும் இருவகை ஒலிவாங்கிகள் பயன்படுகின்றன. இயங்குசுருள் வகையில், குரலால் அதிரும் மென்படலம் தன்னுடன் இணைந்த கம்பிச்சுருளைக் காந்தப்புலத்தில் அசைத்து மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அக்காந்தம் இரும்புத் துகளை ஈர்க்கும். அத்துகள் உள்ளே சென்றால் ஒலி திரியும். ஆதலால் அரமும் துளைக்கருவியும் இயங்கும் பட்டறைகளுக்கு அருகில் இதனைத் திறந்து வைத்தல் கூடாது.

மின்தேக்கி வகையில் மிக மெல்லிய படலமும் அதன் பின்னுள்ள தகடும் மின்னூட்டம் பெற்றிருக்கும். ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்து, பதிவில் சடசடப்பு ஒலி எழும். ஆகவே காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இதனை வைத்தல் வேண்டும். ஒலிவாங்கி இயங்குகிறதா என்றறிய அதனுள் ஊதுவதும் அதன்மீது தட்டுவதும் தீங்கு பயக்கும். பேசிப் பார்த்தலே முறையாகும்.

பதிவு முடிந்ததும் முதலில் ஒலிபெருக்கியின் அளவைக் குறைத்தல் வேண்டும். பின்னர் மின்தேக்கி ஒலிவாங்கிக்குச் செல்லும் 48 வோல்ட் மின்சாரத்தை நிறுத்திச் சிறிது நேரம் கழித்தே கம்பியைக் கழற்ற வேண்டும். கம்பியை முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்ளிழைகள் முறுகி அறுந்துவிடும். அதன் இயல்பான வளைவிலேயே தளர்வாகச் சுருட்டுதல் நன்று. நெடுநாள் பயன்படுத்தாத கருவிகளிலிருந்து மின்கலங்களை அகற்றிவிட வேண்டும். கழற்றக்கூடிய வலைமூடியை மட்டும் தனியே கழுவி, முற்றிலும் உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும்.

கருவியைக் காத்தால் மட்டும் போதாது. பதிவையும் காத்தல் வேண்டும். தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்கள் பலவற்றின் படிகள் இன்று கிடைக்கவில்லை. எனவே ஒவ்வொரு பதிவுக்கும் வெவ்வேறு இடங்களில் இரண்டு படிகளேனும் இருத்தல் நலம். பழுதடைந்த ஒலிவாங்கிக்கு மாற்று வாங்கலாம். மறைந்த பாட்டியின் தாலாட்டை மீண்டும் பதிவு செய்தல் இயலாது.