கடவுளுக்கு எதற்கு இரத்தம்?

உட்காருங்கள், டீ சொல்லியிருக்கிறேன். "கடவுள் அன்பானவர் என்கிறீர்கள், அப்புறம் அவருக்கு எதற்கு இரத்தப் பலி?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களில் பலரும் இதை மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

லேவியராகமத்திலிருந்து ஆரம்பிப்போம். வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் அநேகமாக அங்கேதான் நின்றுவிடுவார்கள். கொழுப்பு, ஈரல், குண்டிக்காய் என்று பக்கம் பக்கமாக வரும். பொறுத்துப் படித்தால் நான்காம் அதிகாரத்தில் ஒன்று கண்ணில் படும். பாவம் செய்த சாதாரண ஜனம் ஆட்டை ஆசாரியன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. அவனே அதன் தலைமேல் கை வைக்க வேண்டும், அவனே அதைக் கொல்ல வேண்டும். இரத்தத்தைத் தொட்டுப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசுவதும், மிச்சத்தை அதன் அடியில் ஊற்றுவதும், கொழுப்பை எரிப்பதும்தான் ஆசாரியன் வேலை. தான் செய்த தப்பின் கனத்தை அந்த மனிதன் தன் கையாலேயே உணர வேண்டியிருந்தது.

ஆடு வாங்க வசதி இல்லாதவன் என்ன செய்வான்? இரண்டு காட்டுப்புறா போதும், அல்லது இரண்டு புறாக்குஞ்சு. பிள்ளை பெற்ற தாய்க்கும் இப்படி ஒரு சலுகை உண்டு. குழந்தை இயேசுவோடு ஆலயத்துக்கு வந்த மரியாள் அந்த ஏழைகளின் காணிக்கையைத்தான் செலுத்தினார் என்கிறார் லூக்கா. புறாவுக்கும் வழியில்லையென்றால்? ஐந்தாம் அதிகாரம் பதில் சொல்கிறது: எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு. நம் கணக்கில் சுமார் 2 லிட்டர் வரும். எண்ணெய் வேண்டாம், சாம்பிராணி வேண்டாம். ஆசாரியன் அதில் ஒரு கைப்பிடி எடுத்து எரிப்பான், பாவம் மன்னிக்கப்படும். ஒரு சொட்டு இரத்தம் கிடையாது.

இந்த மாவை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். இரத்தத்தைப் பார்த்தால்தான் ஆறும் கோபம் கடவுளுக்கு இருந்திருந்தால், இந்தப் பிடி மாவுக்கு அங்கே இடமே இருந்திருக்காது. எபிரெயர் நிருபம் 9-ஆம் அதிகாரம் இரத்தம் சிந்தாமல் மன்னிப்பில்லை என்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அந்த வசனத்தைத் தொடக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாமே இரத்தத்தால் சுத்திகரிக்கப்படுகிறது என்று, விதிவிலக்குக்கு இடம் விட்டுத்தான் அது ஆரம்பிக்கிறது.

அப்படியானால் இரத்தம் எதற்கு? லேவியராகமம் 17-ஆம் அதிகாரம் காரணம் சொல்கிறது. உயிர் இரத்தத்தில் இருக்கிறது; உங்கள் பாவநிவிர்த்திக்காக அதை நானே உங்களுக்குத் தந்தேன் என்று கடவுள் சொல்வதாக வருகிறது. கொடுக்கிறவர் யார், பெற்றுக்கொள்கிறவர் யார் என்று பாருங்கள். பலியை மேலே கொடுக்கும் லஞ்சம் மாதிரி நினைத்துக்கொண்டுதான் நாம் குழம்புகிறோம். வேதம் காட்டும் பலி மேலிருந்து கீழே வருகிறது.

சிலுவையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். கோபக்காரத் தகப்பன் கையை ஓங்கினார், மகன் குறுக்கே வந்து அடி வாங்கினார் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது உறுத்தும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தேவனே கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார். ஒப்புரவாக வேண்டியிருந்தது நாம். சிலுவையில் கொடுக்கிறவரும் கடவுள்தான்.

அந்தப் பலியோடு எல்லாம் முடிந்தது என்பதை எபிரெயர் நிருபம் சின்னதாக ஒரு காட்சி வைத்துச் சொல்கிறது. பழைய ஆசாரியர்கள் தினமும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். ஆசரிப்புக் கூடாரத்துக்கான சாமான்களை யாத்திராகமம் விளக்குத்தண்டு வரை விவரிக்கிறது. ஆசாரியன் உட்கார ஓர் இருக்கை அதில் இல்லை. வேலை முடிவதே இல்லை, இன்றைக்குப் பலி, நாளைக்கும் பலி. கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார். இனி ஆடும் வேண்டாம், புறாவும் வேண்டாம், மாவும் வேண்டாம்.

அந்த ஒரே பலி எப்படிப் பலன் தந்தது என்பதற்குத் திருச்சபையில் பல விளக்கங்கள் உண்டு. 1098-இல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் எழுதி முடித்த நூல், பாவத்தைக் கடவுளுடைய மகிமைக்குச் செலுத்த வேண்டிய கடனாகப் பார்த்தது. சிலுவையைச் சாவையும் தீமையையும் வென்ற வெற்றியாகப் பார்த்தவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள். புதிய ஏற்பாட்டிலேயே மீட்கும் பொருள், பஸ்கா ஆட்டுக்குட்டி, நீதிமன்ற விடுதலை என்று பல படங்கள் கலந்து வருகின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பலியால் நமக்குக் கிடைப்பது இரட்சிப்பு. ஆனால் இரட்சிப்பு என்றதும் செத்தபிறகு பரலோகத்தில் ஓர் இடம் என்று மட்டும் நினைக்கிறோம். லூக்கா 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எரிகோவில் சகேயு, வரி வசூலிப்பவர்களின் தலைவன், ஊரார் வெறுத்த பணக்காரன். அவன் கேட்காமலேயே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறார். முதலில் வருவது அந்த வருகை. பிறகுதான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். ஏமாற்றி வாங்கியதை ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பதுதான் நியாயப்பிரமாணம். இவன் கணக்குப் பார்க்கவில்லை. இன்றைக்கே இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. அந்தப் பணம் திரும்பிப் போகும் வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்கும். அதுவும் இரட்சிப்பில் சேர்ந்ததுதான் என்று நான் நம்புகிறேன். எபிரெயர் நிருபம்கூடக் கடைசி அதிகாரத்தில், நன்மை செய்வதையும் உள்ளதைப் பகிர்ந்துகொள்வதையும் கடவுளுக்குப் பிரியமான பலிகள் என்கிறது.

வீட்டுக்குப் போனதும் லேவியராகமம் ஐந்தையும் லூக்கா பத்தொன்பதையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கேள்வி மிச்சமிருந்தால் நாளைக்கு வாருங்கள், பேசுவோம்.